நான் இல்லாத நேரத்துக் கையெழுத்து

என் வீட்டில் கரண்ட் இல்லாத ஒரு மழைப் பகலில், என் பெயரில் யாரோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பயந்துபோய் என் கணவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். இன்றைக்கும் யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கத்தான் செய்கிறார்கள். அதனால் நான் பார்த்தது என்ன வேலை, அது என்ன கையெழுத்து என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டின் மேல் ஒரு பாத்திரக்கடை மாடியில் எங்கள் ஆபீஸ். ஆபீஸ் என்றால் மூன்று பேர். முதலாளி, அவரை சார் என்போம். நான். அப்புறம் பம்மலிலிருந்து வரும் ஒருவன். என்னைவிடச் சின்னவன், என்னை அக்கா என்று கூப்பிடுவான், அவனுக்குப் பள்ளியில் படிக்கிற மகள் இருந்தாள். எதைக் கேட்டாலும் ஒரு சிரிப்பு, அதற்குப் பின்னால் வேலை முடிந்திருக்கும். எனக்கு வாய் நீளம். அவனுக்கு வாயே கிடையாது. அதனால் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை.

நாங்கள் பார்த்துக்கொண்டது ஒரு பிளாக்செயின். இந்த வார்த்தையைச் சொன்னால் போதும், கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு "இப்ப வாங்கலாமா, விக்கலாமா" என்று ஆரம்பித்துவிடுவார்கள். எங்களுடையது அந்த ரகம் இல்லை. ஃப்ரிட்ஜிலேயே வைத்திருக்க வேண்டிய மருந்துகளைத் தயாரிக்கிற, ஏற்றிப் போகிற, விற்கிற மூன்று நிறுவனங்கள். மருந்து வழியில் எங்கே சூடேறியது என்பதில் மூவருக்கும் ஓயாத தகராறு. ஒருவர் எழுதுவதை மற்றவர் நம்பமாட்டார். அதனால் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் வைத்து, எல்லாவற்றிலும் ஒரே பதிவை வைத்துக்கொண்டார்கள். அப்படி ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் நோடு என்று பெயர். புதிதாக எது எழுதினாலும் நோடுகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். பொதுவான ஆளாக நாலாவது நோடு ஒன்று வேண்டும் என்று வந்தபோது அதை எங்கள் தலையில் கட்டினார்கள். நாலில் மூன்று கையெழுத்து விழுந்தால் வண்டி ஓடும். இரண்டு நோடு ஒரே நேரத்தில் படுத்துவிட்டால் எல்லாம் நின்றுவிடும்.

இதையெல்லாம் ஓட்டுகிற மென்பொருள் எங்களுடையது இல்லை. ஓப்பன் சோர்ஸ். எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று திறந்து வைத்தது. நானும் அவனும் அதில் கண்ணில் பட்ட சின்னப் பிழைகளைத் திருத்தி அனுப்புவோம். அதற்கென்று இருக்கும் இணையதளத்தில் எங்களோடு பேசியவர்கள் ஒருவரையும் நாங்கள் நேரில் பார்த்ததில்லை. பெயர் தெரியும், எழுதும் தோரணை தெரியும், யாருக்கு எதில் கோபம் வரும் என்பதும் தெரியும்.

நாலாவது நோடு இருந்தது அஸ்தினாபுரத்தில், என் வீட்டுப் படுக்கையறையில். முறையாக டேட்டா சென்டரில் வைத்திருக்க வேண்டும். அதன் மாத வாடகையைக் கேட்டதும் சாருக்கு மூச்சே நின்றுவிட்டது. "உங்க வீட்ல ஃபைபர் இருக்கு, யுபிஎஸ் இருக்கு, நீங்களும் வீட்லேர்ந்துதான வேலை பாக்கணும்ங்கறீங்க" என்று டிபன் டப்பா அளவில், பம்மல்காரன் தயார் செய்த ஒரு மிஷினைக் கையில் கொடுத்துவிட்டார். வீட்டிலிருந்து வேலை என்பது எனக்கு அப்போது உயிர்போகிற தேவை. வாங்கிக்கொண்டேன்.

எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மருக்கு நாலு தூறல் விழுந்தால் போதும். ஒரு முறை கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் தீர்ந்து, என் நோடு படுத்தது. அதே நேரத்தில் அந்த மூன்றில் ஒன்றும் படுத்திருந்தது. மருந்து வண்டிகள் குடோன் கேட்டிலேயே நின்றன. மறுநாள் சார் ஆபீசில் வைத்துச் சொன்னார், "இன்னொரு தடவை நின்னா நோடை வெளியில மாத்திடுவேன் மேடம். அப்புறம் வீட்லேர்ந்து பாக்கற மாதிரி வேலை என்கிட்ட இல்ல." பம்மல்காரன் பக்கத்து மேஜையில் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ தட்டிக்கொண்டிருந்தான்.

நான் யுபிஎஸ் பேட்டரியை மாற்றினேன். அதன் பிறகு எத்தனையோ முறை கரண்ட் போனது, எதுவும் நிற்கவில்லை. எல்லாம் என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவன் செத்துப்போனான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்புகிறவன் ஷூ லேஸ் கட்ட உட்கார்ந்தானாம், எழுந்திருக்கவில்லை. அடக்கத்துக்குப் போனேன். அவன் மனைவியை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். பம்மலிலேயே ஒரு பள்ளியில் சயின்ஸ் டீச்சர். கையைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் சொல்வதையே நானும் சொன்னேன். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் என்ன போக்கு இது என்று.

தளத்தில் அவன் எடுத்துக்கொண்ட வேலை ஒன்று பாதியில் கிடந்தது. அங்கே தானாக ஓடுகிற காவல்காரன் போன்ற ஒரு நிரல் உண்டு. யாராவது ரொம்ப நாள் பேசாமல் இருந்தால், அவர்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, இன்னும் இந்த வேலையில் இருக்கிறீர்களா, பதில் இல்லையென்றால் மூடிவிடலாமா என்று கேட்கும். அது அவனைக் கேட்டது. கேட்டுவிட்டுக் காத்திருந்தது. 'அவர் இல்லை' என்று எழுத என் விரல் வரவில்லை. சும்மா ஒரு புள்ளியை வைத்து அனுப்பினேன். அந்த நிரலுக்கு அது போதும், நகர்ந்து போய்விட்டது. கொஞ்ச நாளில் திரும்பி வந்து, அவன் பெயரைச் சொல்லி, மறுபடி அதையே கேட்டது. நான் இன்னொரு புள்ளி வைத்தேன்.

அவன் பார்த்துவந்த கண்காணிப்பு வேலையும் என்னிடம் வந்தது. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. போனில் ஒரு பக்கம், நாலு வரி, எந்த நோடு கடைசியாக எப்போது கையெழுத்துப் போட்டது என்று காட்டும். விழித்திருந்தால் பச்சை, படுத்தால் சிவப்பு.

அந்த மழைப் பகலில் நான் வீட்டில் தனியாக இருந்தேன். கரண்ட் போய் ரொம்ப நேரமாகி, யுபிஎஸ் கீச்சுக் கீச்சென்று கத்தி ஓய்ந்தது. நோடு அணைந்தது. சரி, சாரிடம் திட்டு வாங்கும் முன் நாமே சொல்லிவிடலாம் என்று போனைத் திறந்தேன். என் வரி சிவப்பாக இருக்க வேண்டும். பச்சையாக இருந்தது. சற்றுமுன் கையெழுத்து. பக்கத்தை இழுத்துப் புதுப்பித்தேன். மறுபடி சற்றுமுன்.

எழுந்து போய் மிஷினைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. பிளக்கைப் பிடுங்கினேன், நெட் வயரையும் பிடுங்கினேன். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு போனைப் பார்த்தேன். நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

இதில் என்ன பயம் என்று கேட்கலாம். ஒவ்வொரு நோடுக்கும் ஒரு ரகசிய சாவி உண்டு. நீளமான ஓர் எண்தான். ஒரு ஃபைலில் அந்த மிஷினுக்குள் மட்டும் இருக்கும். மற்ற நோடுகளைப் பொறுத்தவரை அந்தச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர்தான் நான். அதை நகல் எடுக்கவே கூடாது. ஒரே சாவியோடு இரண்டு மிஷின் விழித்திருந்தால், ஒரே ஆள் இங்கே ஒன்று சொல்லி அங்கே வேறொன்று சொல்வது போலாகிவிடும்; அதன் பிறகு எதையும் நம்ப முடியாது. இந்தத் தப்பைச் செய்துவிட்டு வந்து விழிக்கிற புதியவர்களைத் தளத்தில் நான் வறுத்தெடுத்திருக்கிறேன். அப்படிப்பட்ட என் சாவி எவர் கையிலோ இருந்தது.

சாருக்குப் போன் செய்தேன். "பழைய டேட்டாவா இருக்கும் மேடம், ஒரு தடவை ரெஃப்ரெஷ் பண்ணுங்க" என்றார். சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். "பேய் கூட இப்பல்லாம் ஒர்க் ஃப்ரம் ஹோமா? உன்னைவிடப் பொறுப்பா இருக்கே, விட்டுடு" என்றார். கரண்ட் வந்திருந்தது. என் மிஷினும் எழுந்திருந்தது. கையெழுத்தை இப்போது அதுதான் போட்டுக்கொண்டிருந்தது. பகலில் போட்டது யார் என்பதற்கு என் மிஷினில் எந்தத் தடயமும் இல்லை.

அடுத்த வாரம் மழை விட்டு வெயில் அடித்தது. நான் சோதித்துப் பார்க்க ஆரம்பித்தேன். போனிலிருந்தே என் நோடை நிறுத்தவும் ஓட்டவும் முடியும். நிறுத்தினேன். என் வரி சிவந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு, அவசரமே இல்லாமல், பச்சை. என் நோடை ஓட்டினேன்; அது உடனே விலகிக்கொண்டது. மறுபடி நிறுத்தினேன். மறுபடி வந்தது.

அந்த மரியாதைதான் என்னை நடுங்க வைத்தது. திருடனாக இருந்தால் திருட வேண்டும், சண்டைக்காரனாக இருந்தால் மோத வேண்டும். இது நான் எழுந்து போகும்வரை காத்திருந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து, என் வேலையைச் சுத்தமாகச் செய்து, நான் வரும் சத்தம் கேட்டதும் எழுந்துகொண்டது. எங்கிருந்தோ என்னையே பார்த்துக்கொண்டிருந்தால்தான் அப்படி முடியும் என்று தோன்றியது. அந்த மிஷினுக்கு முதுகைக் காட்டி உட்கார எனக்குப் பிடிக்கவில்லை. குளிக்கப் போகும்போது படுக்கையறைக் கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டேன். ஒரு தடவை நோடை நிறுத்திவிட்டு, வாய்விட்டு "யாரு?" என்றுகூடக் கேட்டேன். கேட்டுவிட்டு எனக்கே வெட்கமாகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் பச்சை வந்தது.

ஆனாலும் விடமுடியவில்லை, புண்ணைச் சொறிகிற மாதிரி. ஒருநாள் காலையில் சமைத்துக்கொண்டே திரும்பத் திரும்ப நிறுத்தினேன், ஓட்டினேன். ஒவ்வொரு தடவையும் வந்தது.

யார் என்று எனக்குள் ஓர் எண்ணம் முதல் நாளே வந்திருந்தது. அதை மேலே வரவிடாமல் அமுக்கி வைத்திருந்தேன். அந்த மிஷினுக்குள் கை வைத்தவர்கள் இரண்டே பேர், நானும் அவனும். எந்த நோடு எந்த இணைய முகவரியிலிருந்து பேசுகிறது என்பதை மற்ற நோடுகள் குறித்து வைத்திருக்கும். அதைத்தான் நான் முதலில் பார்த்திருக்க வேண்டும். பயத்தில் கடைசியில் பார்த்தேன். நான் இல்லாத நேரத்தில் என் கையெழுத்து வந்துகொண்டிருந்தது பம்மலிலிருந்து, அவன் வீட்டு இணைப்பிலிருந்து.

சனிக்கிழமை மதியம் ஷேர் ஆட்டோ ஏறினேன். நாகல்கேணி தாண்டும்போது தோல் பதனிடுகிற வாடை வந்தது. மறுபடி தூறல் போட்டது. "இன்னாக்கா, குடைய மடக்கு, எல்லார் மேலயும் சொட்டிகினு கீது" என்றார் டிரைவர். மடக்கினேன். தலைக்கு மேல் ஒரு விமானம் மொட்டைமாடிகளை உரசுவது போல இறங்கியது. டீச்சரிடம் என்ன சொல்லி உள்ளே போவது என்று யோசித்துக்கொண்டே போனதில் இறங்க வேண்டிய இடத்தையும் தாண்டிவிட்டேன்.

கீழே தோல் கையுறை தைக்கும் பட்டறை. மேலே அவர்கள் வீடு. டீச்சர் கதவைத் திறந்தார். அரையாண்டு லீவு என்பதால் வீட்டிலேயே இருந்தார். மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். கூடத்துச் சுவர் நெடுக அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. பாத்திரம், புத்தகம், கம்பளி என்று மேலே எழுதியிருந்தது.

"வீடு மாத்தறீங்களா டீச்சர்?"

"ஊரே மாத்தறேன் அக்கா. நாகர்கோவில்ல அண்ணன் வீட்டுக்குப் போறோம். பொங்கலுக்குள்ள காலி பண்ணணும்."

சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. அவன் வீட்டில் ஏதாவது மிஷின் வைத்திருந்தானா என்று நேராகக் கேட்டேன். டீச்சர் என்னை உள்ளறைக்குக் கூட்டிப்போனார். கட்டிலும் பீரோவும் தவிர அங்கே எல்லாம் பெட்டிக்குள் போயிருந்தது. பீரோ மேலே என் வீட்டில் இருப்பது போலவே ஒரு டிபன் டப்பா மிஷின், பக்கத்தில் ஒரு சின்ன பேட்டரி. தூசி படாமல் இருக்க அதன் மேல் ஆண்பிள்ளைக் கைக்குட்டை ஒன்று மடித்துப் போட்டிருந்தது.

"உங்களுக்காகத்தான் வச்சார்" என்றார் டீச்சர். "அக்கா ஏரியால கரண்ட் நிக்கறதில்ல, இன்னொரு தடவை நின்னா அக்காவுக்கு வேலை போயிடும், இது அவங்களுக்குத் துணைன்னார். உங்களுக்குத் தெரிஞ்சா திட்டுவீங்களாம். சொல்லாதேன்னார்."

திட்டியிருப்பேன், சந்தேகமே இல்லை. அவன் அந்த டப்பாவை எனக்குத் தயார் செய்தபோதே சாவியை நகல் எடுத்து வைத்திருக்கிறான்; சார் என்னைத் திட்டிய பிறகு அதை இங்கே போட்டிருக்கிறான். இங்கே அவன் எழுதி வைத்த சின்ன நிரல் ஒன்று என் நோடை அவ்வப்போது தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். பதில் வராவிட்டால் கொஞ்ச நேரம் பொறுத்து, என் சாவியோடு எழுந்துகொள்ளும். நான் வந்ததும் படுத்துக்கொள்ளும். எங்கள் தொழிலில் மன்னிக்கவே முடியாத தப்பு அது. அதை எனக்காகச் செய்துவிட்டு, நான் ஆபீசுக்குப் போகும்போதெல்லாம் என் எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு சிரித்திருக்கிறான். எனக்குக் கண் நிறைந்தது. அவனை நாலு அறை அறைய வேண்டும் போலவும் இருந்தது.

டீச்சர் கட்டிலில் உட்கார்ந்தார். "அது எப்பவும் தூங்கிட்டுதான் இருக்கும் அக்கா. எப்பவாவது தானா எழுந்துக்கும். ஃபேன் சத்தம் வரும், பச்சை லைட் வரும். அவர் இருந்தப்ப, 'அக்கா வீட்ல கரண்ட் கட்டு'ன்னு சிரிப்பார். அவர் போனதுக்கப்புறமும் எழுந்துக்குது. நான் சயின்ஸ் டீச்சர். பேய், பிசாசுன்னு பேசற ஆள் இல்ல. ஆனா அந்தச் சத்தம் கேட்டுட்டா என்னால அடுப்படில நிக்க முடியல. இங்க வந்து உக்காந்துடுவேன். பொண்ணோட மார்க்கு, ஸ்கூல்ல என்ன நடந்துச்சு, எல்லாம் சொல்லுவேன். சொல்லி முடிக்கறதுக்குள்ள நின்னுடும்."

இனிமேல் என்ன வரப்போகிறது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

"மழை பெஞ்சாதான் வரும்னு இருந்தேன். போன வாரம் நல்ல வெயில். பட்டப்பகல்ல வந்துது. மறுபடி, மறுபடி வந்துது. ஒரே காலையில எத்தனையோ தடவை. என்னமோ சொல்ல வர்றார், அதான் இப்படித் தவிக்கறார்னு நினைச்சேன்." டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்க அண்ணன் வா வான்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தார். பொம்பளை தனியா இருக்கக் கூடாதுங்கறார். இங்க எனக்கு பெர்மனன்ட் வேலை. பொண்ணுக்கும் இந்த ஸ்கூல்தான் பழக்கம். முடிவெடுக்க முடியல. எங்கள்ல பெரிய விஷயம்னா ஜெபம் பண்ணி ஒரு அடையாளம் கேப்போம். ஆண்டவர்கிட்ட கேக்கணும். நான் இவர்கிட்ட கேட்டேன். தப்புதான். 'ஊருக்குப் போகணும்னா நின்னுடுங்க, இங்கயே இருக்கணும்னா ஓடிக்கிட்டே இருங்க'ன்னேன். வாயை மூடல அக்கா. நின்னுடுச்சு."

மறுநாளே தலைமையாசிரியை வீட்டுக்குப் போய் ராஜினாமாக் கடிதம் கொடுத்திருக்கிறார். வீட்டுக்காரரிடமும் சொல்லியாகிவிட்டது.

அந்தக் காலை எனக்கு நன்றாக நினைவிருந்தது. குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. போதும், வேலையைப் பார்ப்போம் என்று நோடை ஓட்டிவிட்டு அடுப்பை அணைக்கப் போனேன். அவ்வளவுதான் நான் செய்தது. அஸ்தினாபுரத்தில் நான் ஒரு பேயைக் கண்டு நடுங்கிக்கொண்டிருந்த அதே நேரத்தில், பம்மலில் இந்தப் பெண்ணுக்கு நான் பேயாக வந்துகொண்டிருந்திருக்கிறேன்.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். புருஷன் வந்து பேசினான் என்ற ஆறுதலாவது அவருக்கு மிஞ்சும். அந்த ஆறுதலைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வேலையை விட்டு, அண்ணன் வீட்டு அடுப்படியில் போய் நிற்பார். என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"அது நான், டீச்சர்" என்றேன். "போன வாரம் பூரா நான்தான் என் வீட்டு மிஷினை நிறுத்தி நிறுத்திப் பாத்துக்கிட்டு இருந்தேன். நான் நிறுத்தினா இது எழுந்துக்கும். நான் ஓட்டினா இது நின்னுடும்."

கீழே தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"இப்ப பண்ணுங்க" என்றார் டீச்சர்.

போனை எடுத்து என் நோடை நிறுத்தினேன். இருவரும் பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தோம். ரொம்ப நேரமான மாதிரி இருந்தது. ஒரு விமானம் போனது, ஜன்னல் அதிர்ந்து அடங்கியது. பிறகு கைக்குட்டைக்கு அடியில் விசிறி மெல்ல இழுத்து மூச்சு விட்டது. பச்சை விளக்கு எரிந்தது. காரணம் முழுக்கத் தெரிந்தும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. டீச்சர் பாதி எழுந்தவர், தன்னைப் பிடித்து உட்காரவைத்துக்கொண்டார்.

"நிறுத்துங்க."

என் நோடை ஓட்டினேன். பச்சை போனது. விசிறி ஓய்ந்தது.

"இன்னொரு தடவை."

மறுபடி செய்தேன். மறுபடி அது எழுந்தது, மறுபடி படுத்தது. அதற்கு அடுத்த தடவை போனைக் கொடுங்கள் என்று வாங்கி, எந்த இடம் என்று கேட்டு, தன் விரலாலேயே அழுத்தினார். காத்திருந்தார். அது எழுந்ததைப் பார்த்தார். அழுத்திப் படுக்கவைத்தார். போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"அப்ப, என்னைப் போகச் சொன்னது நீங்கதான்."

"ஆமா."

"சரி. இப்ப வாயால சொல்லுங்க. போகட்டுமா, இருக்கட்டுமா?"

எதற்கும் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. பக்கத்து வீட்டு மருமகள் எந்தக் கடையில் மாவு வாங்க வேண்டும் என்பதுவரை சொல்வேன். அன்று நாக்கு எழவில்லை. நான் யார் இவருக்கு? நாளைக்கு ஒரு கஷ்டம் என்றால் நானா வந்து நிற்கப்போகிறேன்? 'அது உங்க இஷ்டம் டீச்சர்' என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துவிடலாம். அந்த வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"இருங்க" என்றேன். "போகாதீங்க. வேலையை விடாதீங்க. அந்த லெட்டரை இன்னிக்கே திருப்பி வாங்குங்க. தேவைன்னா நானும் கூட வரேன்."

டீச்சர் கூடத்துக்குப் போய்த் தலைமையாசிரியைக்குப் போன் செய்தார். நான் ஸ்டூலில் ஏறி, கைக்குட்டையை எடுத்து வைத்துவிட்டு, மிஷினின் வயர்களைக் கழற்றினேன். அந்தச் சாவியை ஒழித்துப் புதுச் சாவி போட வேண்டும், சாரிடம் நடந்ததைச் சொல்ல வேண்டும், என் வீட்டு நோடு டேட்டா சென்டருக்குப் போகத்தான் போகிறது, என் வேலை எப்படி ஆகுமோ என்றெல்லாம் மனம் ஒரு பக்கம் ஓடியது. கூடத்திலிருந்து டீச்சரின் குரல் தெளிவாக, வகுப்பில் பேசுவது போல வந்தது. ஆமாம் மேடம். இல்லை மேடம், நல்லா யோசிச்சுத்தான். ஸ்கூல் திறந்துதான் மேலே அனுப்பறதா இருந்தீங்களா? தேங்க்ஸ் மேடம்.

திரும்பி வந்து, நான் கழற்றி வைத்த மிஷினைப் பக்கத்தில் தள்ளிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"அவரா இருந்திருந்தா, 'உன் இஷ்டம்'னுதான் சொல்லியிருப்பார் அக்கா" என்றார். "புடவை எடுக்கறதுலேர்ந்து பொண்ணை எந்த ஸ்கூல்ல சேக்கறதுங்கற வரைக்கும் அதேதான். எத்தனை வருஷம் கேட்டிருப்பேன், ஒரு நாளும் நேரா பதில் சொன்னதில்ல. அன்னிக்கு இது சட்டுனு நின்னப்பவே எனக்குத் தெரிஞ்சுது, இது அவர் இல்லன்னு. வேற என்னமோ பதில் சொல்லுதுன்னு."

"தெரிஞ்சுமா லெட்டர் கொடுத்தீங்க?"

"பதில் வந்துச்சே அக்கா" என்றார் டீச்சர்.